ட்ரில் சத்தம் கேட்கும்போது ஐந்து நிமிடம் பக்கத்தில் நில்லுங்கள்

பாமன்கடை, வெள்ளவத்தைப் பக்கம் இருக்கிற எல்லாருக்குமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவுதான். வீட்டில் ஏசி பூட்டப் போகிறவர்கள், புதிதாக ஃபேன் போடப் போகிறவர்கள், பிள்ளைகளுக்குப் புத்தக ராக்கை அடிக்கப் போகிறவர்கள் கடைசி வரை வாசித்தால் நல்லது.

வெயில் ஏறின பிறகு எங்கள் ஒழுங்கையில் ட்ரில் சத்தம் ஓயவே இல்லை. ஃப்ளெட்ஸ் ஒவ்வொன்றிலும் வெளிச் சுவரில் ஏசி யூனிட். போன மாதம் அதில் ஒன்று, இரண்டாம் மாடியில், ஸ்டாண்டின் ஒரு பக்கம் கழன்று சரிந்து தொங்கியது. சின்ன யூனிட் என்றாலும் 25, 30 கிலோ வரும். அதற்கு நேர் கீழேதான் காலையில் ஸ்கூல் வேனுக்குப் பிள்ளைகள் நிற்கிற இடம். அல்ஹம்துலில்லாஹ், கழன்றது இரவு பதினொரு மணிக்கு. வீட்டுக்காரர் ஓடிப்போய்க் கயிறு போட்டுக் கட்டி, விடிய முன்னமே ஆள் பிடித்து இறக்கிவிட்டார். எந்த வீடு, யார் பூட்டியது என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். அது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை.

எங்கள் மாமா பழைய சோனகத் தெருவில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் நின்றவர். கொழும்பில் யாருக்கு என்ன ஆணி, என்ன கம்பி வேண்டுமென்றாலும் கடைசியில் அந்தத் தெருவுக்குத்தானே போக வேண்டும். ஸுபஹ் தொழுதுவிட்டு வருகிற வழியில் கீழே கிடந்த இரண்டு ஸ்குரூவைப் பொறுக்கிக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்தார்.

"பாருங்க மகள், ஸ்குரூவுக்கு ஒண்டும் ஆகல்ல. புதுசு மாதிரியே ஈக்கி."

உண்மைதான். வளையவில்லை, முறியவில்லை, துருவும் பிடிக்கவில்லை. நுனியில் ஒரு சென்ரிமீற்றர் அளவுக்கு மட்டும் கொங்கிரீட்டின் கரும்சாம்பல் தூள். அதற்கு மேலே முழுவதும் பூச்சுத் தூள். அவர்கள் பூட்டியது கொங்கிரீட் பீமில்தான், இடம் சரி. ஆனால் அந்தப் பீமின் மேல் கனமான பூச்சு. ஸ்குரூவின் பெரும்பகுதி பூச்சுக்குள்ளேயே நின்றிருக்கிறது. பூச்சு எதையும் தாங்குவதற்குப் போட்டதல்ல, மழுப்பாகத் தெரிவதற்குப் போட்டது.

இந்த ஸ்குரூவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹார்ட்வெயார் கடைகளில் கொங்கிரீட் ஸ்குரூ, ஸ்குரூ அங்கர் என்று இரண்டு பெயரும் ஓடுகிறது. (அங்கர் என்றால் நமக்குப் பால்மாதான் ஞாபகம் வரும். இது நங்கூரம்.) ரோல் பிளக் எல்லோருக்கும் தெரியும். ஓட்டை போட்டு, பிளாஸ்டிக்கைத் தள்ளி, அதற்குள் ஸ்குரூவை ஏற்றினால் பிளாஸ்டிக் விரிந்து சுவரை நெருக்கிப் பிடிக்கும். கொங்கிரீட் ஸ்குரூவுக்குப் பிளக் இல்லை. கடினப்படுத்திய உருக்கில் செய்த புரி, ஓட்டையின் சுவரிலே தானே பள்ளம் வெட்டிக்கொண்டு உள்ளே போகும். அந்தப் பள்ளத்தில் புரி பூட்டிக்கொள்வதால்தான் பிடிப்பு. விரிந்து நெருக்காததால் பீமின் ஓரத்தை வெடிக்க வைக்கிற ஆபத்து குறைவு. பூட்டின உடனேயே பாரம் ஏற்றலாம், தேவையென்றால் கழற்றலாம். நல்ல சாமான். அதனால்தான் இப்போது ஏசி பாஸ்மார் எல்லோர் பையிலும் இது இருக்கிறது.

ரோல் பிளக் என்ற பெயரை நான் நூல் ரோல், டேப் ரோல் மாதிரி ஏதோ சுருட்டின சாமான் என்றுதான் நினைத்திருந்தேன். அது ஒரு மனிதரின் பெயர். ஜோன் ஜோசப் ரோலிங்ஸ் என்ற இங்கிலாந்துக்காரர். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் சுவரைக் கெடுக்காமல் மின்சாரச் சாமான் பூட்ட வேண்டியிருந்தது. அதற்காக அவர் 1911 அளவில் கண்டுபிடித்தது. முதலில் சணல் நாரில் செய்தார்களாம். இன்று நாம் பாவிக்கிற நைலோன் பிளக் ஜேர்மனியில் ஆர்தர் ஃபிஷர் என்பவர் 1958இல் கொண்டுவந்தது. நூறு வருடமாகச் சுவரில் சாமான் தொங்குவது இந்தச் சின்னத் துண்டுகளை நம்பித்தான்.

இனி கணக்கு. நான் டீச்சர், கணக்கு இல்லாமல் விட மாட்டேன். ஏழரை மில்லிமீற்றர் கொங்கிரீட் ஸ்குரூ ஒன்று எடுத்துக்கொள்வோம். அதற்கு 6 மில்லிமீற்றர் ஓட்டை போட வேண்டும். வித்தியாசம் ஒன்றரை மில்லிமீற்றர், ஒரு பக்கத்துக்கு முக்கால். அந்த முக்கால் மில்லிமீற்றர் கடிப்பில்தான் முழுப் பாரமும் தொங்குகிறது. ஏணியில் நின்றுகொண்டு, ஒரு கையால் மெஷினைப் பிடித்து, ஆட்டி ஆட்டித் துளைத்தால் ஓட்டை சுலபமாக ஆறரை ஆகிவிடும். அப்போது ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீற்றர்தான் மிச்சம். கடிப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஸ்குரூவின் தலை அதே மாதிரி அழகாகத்தான் உட்கார்ந்திருக்கும்.

மறுபக்கமும் உண்டு. தேய்ந்த பிட்டால் துளைத்தால் ஓட்டை சிறுத்துவிடும். ஸ்குரூ பாதியில் இறுகி நிற்கும். இம்பெக்ட் மெஷினை வைத்து அழுத்தினால் கழுத்து முறியும், இல்லையென்றால் வெட்டின பள்ளம் அரைபட்டுப் போகும். பெட்டியில் போட்டிருக்கிற எண்ணும் எல்லாக் கொம்பனியிலும் ஒரே அர்த்தமில்லை. சிலதில் அது ஸ்குரூவின் அளவு. அறுகோணத் தலையுள்ள கனமான சில வகைகளில் 10 என்றால் ஓட்டையே 10. அங்குலக் கணக்கில் வருகிற அமெரிக்க வகையில் கால் அங்குல ஸ்குரூவுக்கு மூன்றின் கீழ் பதினாறு அங்குல பிட். அதனால் பெட்டியைத் தூக்கி எறியும் முன் வாசிக்க வேண்டும். எங்களுக்கு வேலைக்கு வருகிற நிறையப் பேர் அந்தப் பெட்டியையே காண்பதில்லை, கடையில் கிலோவாகவும் கைப்பிடியாகவும் வாங்கி வருகிறார்கள்.

நீளத்துக்கும் இதே கதைதான். பிராக்கெட்டின் தடிப்பு 5, பூச்சு 15, கொங்கிரீட்டுக்குள் போக வேண்டியது 50 என்றால் ஸ்குரூ 70 மில்லிமீற்றராவது வேண்டும். பூச்சின் மேலிருந்து ஓட்டை 65 போதாது. நுனிக்கு முன்னால் தூள் சேர இடம் வேண்டும், இன்னும் ஒரு 10 கூட்டி 75 போட வேண்டும். மாமா பிட்டில் அந்த அளவுக்குச் சிவப்பு டேப் சுற்றிவிடுவார். எங்கள் ஒழுங்கையில் கழன்ற ஸ்குரூ 50. பூச்சையும் பிராக்கெட்டையும் கழித்துப் பாருங்கள்.

தூளைப் பற்றி நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஓட்டைக்குள் தூளை விட்டால் அது அடியில் போய் இறுகிக் கல்லாகும். ஸ்குரூ அதில் முட்டி நிற்கும். பாஸ் "இறுகிட்டு" என்பார். இறுகியது கொங்கிரீட்டில் இல்லை, தூளில். மாமா பழைய சைக்கிள் பம்பை இதற்கென்றே வைத்திருக்கிறார். ஓட்டையை ஊதி, சின்னப் பிரஷ் போட்டு, திரும்ப ஊதுவார். வாயால் ஊத வேண்டாம், முழுவதும் கண்ணுக்குத்தான் வரும். அந்தத் தூளில் சிலிக்கா உண்டு, நுரையீரலுக்குக் கூடாதது. கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள்.

கொங்கிரீட் என்று நான் சொல்லிக்கொண்டே போகிறேன். எங்கள் பக்கத்து வீடுகளில் எல்லாச் சுவரும் கொங்கிரீட் இல்லை. பெரிய பிழை நடக்கிறது இங்கேதான். ஃப்ளெட்ஸில் தூண், பீம், ஸ்லப் மட்டும்தான் கொங்கிரீட். இடையில் உள்ள சுவர் பெரும்பாலும் சீமெந்து பிளாக் கல், அதுவும் நடுவில் பொந்து உள்ளது. கல்லின் ஓடு ஓர் அங்குலம் அளவுதான். அதற்குள் எவ்வளவு நல்ல ஸ்குரூ போட்டாலும் கடிப்பதற்கு ஒன்றுமில்லை, மிச்ச நீளம் காற்றில் நிற்கும். ட்ரில் திடீரென்று வழுக்கிக்கொண்டு உள்ளே போனால் பொந்துதான். ஏசி மாதிரியான பாரத்தை அந்தச் சுவரில் போட்டே ஆக வேண்டுமென்றால் சுவரை ஊடுருவிப் போகிற போல்ட்டும், மறுபக்கத்தில் தகடும் வேண்டும். இல்லையென்றால் பீம் இருக்கிற உயரத்துக்கு ஸ்டாண்டை ஏற்ற வேண்டும். உள் ஒழுங்கைகளில் மிச்சமிருக்கிற பழைய வீடுகளின் சுவர் செங்கல், சிலதில் கபொக் கல். கபொக் மென்மையான கல், அதில் புரி நிற்காது, மாவாகிவிடும். அந்த வீடுகளில் முன்னோர் ஏன் சுவருக்குள்ளேயே மரக்கட்டை பதித்து அதில் ஆணி அடித்தார்கள் என்று இப்போது விளங்குகிறது.

பீமிலும் எங்கே வேண்டுமானாலும் போட முடியாது. ஸ்குரூவைப் பலமாக இழுத்தால் அது தனியே வராது, புனல் வடிவத்தில் ஒரு துண்டு கொங்கிரீட்டைப் பிய்த்துக்கொண்டு வரும். அந்தப் புனலுக்கு இடம் வேண்டும். 50 மில்லிமீற்றர் ஆழம் போட்டால் ஓரத்திலிருந்து 75, இரண்டு ஸ்குரூவுக்கு நடுவில் 150 விட்டால்தான் ஒவ்வொன்றும் முழுப் பலத்தோடு நிற்கும். பிராக்கெட்டின் ஓட்டைகள் அதைவிட நெருக்கமாக இருந்தால், நாலு ஸ்குரூ போட்டோம், நாலு மடங்கு பலம் என்று நினைக்காதீர்கள். கம்பியில் பிட் முட்டினால் கம்பியைத் துளைக்க விடாதீர்கள், அந்த ஓட்டையை விட்டுத் தள்ளி வேறு போடச் சொல்லுங்கள். புதிய உயர்ந்த ஃப்ளெட்ஸ் சிலவற்றில் ஸ்லப்புக்குள் இழுத்து இறுக்கிய கேபிள் ஓடும். அங்கே நிர்வாகத்திடம் கேட்காமல் கூரையில் ட்ரில் வைப்பதே கூடாது.

கடல் காற்றைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். காலி வீதியைத் தாண்டினால் கடல். எங்கள் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பெல்கனி கொடிக் கம்பி எல்லாம் படும் பாடு தெரியும்தானே. பளபளவென்று வெள்ளையாகவோ மஞ்சளாகவோ நாகப் பூச்சோடு வருகிற சாதாரணக் கொங்கிரீட் ஸ்குரூ வீட்டுக்குள்ளே, காய்ந்த இடத்துக்கு. வெளியே மழையிலும் உப்புக் காற்றிலும் அது துருவும். அதைவிட மோசம், கடினப்படுத்திய உருக்கு ஈரத்தில் துருவும்போது உள்ளுக்குள் நொறுங்கும் தன்மை அடைந்து, முன்னறிவிப்பு இல்லாமல் தலை தெறித்துவிடலாம். வெளிச் சுவருக்கு 316 என்கிற ஸ்டெயின்லெஸ் வகை கேட்க வேண்டும். பெட்டியில் ஏ4 என்றும் போட்டிருக்கும். விலை பல மடங்கு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏசிக்கு அவ்வளவு சல்லி கொடுத்தவர்கள் ஸ்குரூவில் மிச்சம் பிடிப்பது எனக்கு விளங்காத கணக்கு.

இது பாமன்கடைப் பிரச்சினை மட்டுமல்ல. அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்துச் சுரங்க வீதியில் 2006 ஜூலை 10ஆம் திகதி இரவு கொங்கிரீட் கூரைப் பலகைகள் ஒரு காரின் மேல் விழுந்தன. விழுந்த பாரம் சுமார் 26 தொன். காரில் கணவனோடு போய்க்கொண்டிருந்த பெண் மௌத்தாகிவிட்டார். அங்கே ஸ்குரூ இல்லை, ஓட்டைக்குள் எபொக்சிப் பசை ஊற்றி நட்ட போல்ட். பாரம் ஓயாமல் இழுக்க இழுக்க அந்தப் பசை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு நழுவியது என்று விசாரணையில் கண்டார்கள். 2012 டிசம்பர் 2ஆம் திகதி ஜப்பானில் சசாகோ சுரங்கத்திலும் இதே மாதிரி. 1977இல் திறந்த சுரங்கம், பசையில் நின்ற போல்ட்டுகள், 130 மீற்றருக்கு மேல் கூரை சரிந்தது, ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் ஆய்வு நடந்திருந்தது. கீழே நின்று கண்ணால் பார்த்தார்கள், உச்சியில் இருந்த போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கவில்லை. ஜப்பான்காரர்களுக்கே இது நடந்தது. பொறியியல் தெரிந்த நாடுகளில்கூட ஓட்டைக்குள்ளே நடப்பது வெளியில் தெரியவில்லை.

அதனால்தான் நான் சொல்கிறேன், பார்க்க முடிகிற நேரம் ஒன்றே ஒன்றுதான். ஓட்டை போட்டு ஸ்குரூ ஏறுகிற வரைக்கும் உள்ள அந்த ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு யார் வந்து பார்த்தாலும் தலை மட்டும்தான் தெரியும். எங்கள் வீடுகளில் அந்த ஐந்து நிமிடத்தில் நாம் என்ன செய்கிறோம்? சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போகிறோம். போய் பாஸுக்கு ப்ளேன்டீ ஊற்றுகிறோம்.

நான் தரம் 2க்குப் படிப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் வகுப்பறைச் சுவரை எப்படி அலங்கரிப்பது என்று படித்தோம், சுவரில் எப்படிப் பூட்டுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. வகுப்பில் ஒரு புத்தக அலுமாரி, பிள்ளைகள் கீழ்த் தட்டில் கால் வைத்து மேல் தட்டை எட்டுவார்கள். ஏழு வயசுப் பிள்ளை அப்படித்தான் செய்யும், ஏசினால் நாம் திரும்புகிற வரைக்கும்தான் நிற்கும். அமெரிக்காவில் பிள்ளைகள் மேல் சரிந்து உயிர்கள் போன பிறகு 2016இல் ஒரே கொம்பனி சுமார் 2 கோடி 90 இலட்சம் இழுப்பறை அலுமாரிகளைத் திருப்பி எடுப்பதாக அறிவித்தது. சுவரோடு பூட்டாத அலுமாரி அவ்வளவு ஆபத்து.

எங்கள் வகுப்பு அலுமாரியைப் பூட்ட வந்த பாஸ் நல்ல மனிதர். ஆனாலும் நான் பக்கத்தில் போய் நின்றபோது கொஞ்சம் சங்கடப்பட்டார். "டீச்சர், தூள் படும், நீங்க அங்கால நில்லுங்க" என்றார். மாமா சொல்லித் தந்தபடி தட்டித் தட்டிக் கேட்டுக் கொங்கிரீட் தூண் எங்கே தொடங்குகிறது என்று காட்டினேன். பிளாக் சுவரில் டொக்கென்று பொந்துச் சத்தம், தூணில் கல்லுச் சத்தம். அலுமாரியை ஓர் அடி தள்ளி வைத்தால் தூணில் பூட்டலாம். அவர் ஒத்துக்கொண்டார். பம்ப் எடுத்துக் கொடுத்தபோது சிரித்தார். பிறகு அவரே இரண்டாவது ஓட்டையை ஊதினார். ஸ்குரூ ஏறும்போது முதலில் இலேசாக, பிறகு சீராக இறுகி, கடைசியில் தலை தகட்டில் உட்கார்ந்ததும் நிறுத்திவிட்டார். அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூடச் சுற்றக் கூடாது, சுற்றினால் வெட்டின புரியே அரைபடும். கடைசி இறுக்கம் ஸ்பானரால், கையால். கையில்தான் அது பிடிக்கிறதா, சும்மா சுற்றுகிறதா என்று தெரியும்.

சும்மா சுற்றினால்? கழற்றிவிட்டு அதே ஓட்டையில் அதே ஸ்குரூவைத் திரும்ப ஏற்றுவது வேண்டாம். நெருப்புக் குச்சி, ஈர்க்கில், துண்டுக் கடதாசி எல்லாம் திணிப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். படம் மாட்ட அது போதும். தலைக்கு மேலே தொங்குகிற எதற்கும் கூடாது. குறிப்பாகச் சீலிங் ஃபேன். பழைய ஸ்லப்புகளில் கொங்கிரீட் போடும்போதே கம்பியோடு சேர்த்துக் கொக்கி வைத்தார்கள், அது நல்லது. இப்போது கொக்கி இல்லாத இடத்தில் பிளாஸ்டிக் பிளக்கில் ஃபேன் பூட்டுகிறார்கள். ஃபேன் பாரம் குறைவு என்கிறார்கள். அது நாள் முழுக்க அதிர்கிற பாரம், பிளாஸ்டிக் அதற்கானதல்ல. ஸ்லப்பின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வெடிப்புகளும் இருக்கும். வெடிப்பு விழுந்த கொங்கிரீட்டிலும் நிற்கும் என்று பெட்டியில் சொல்லியிருக்கிற உலோக அங்கரையே கேட்டு வாங்குங்கள். ஃபேனோடு ஒரு கம்பிக் கயிறு வந்தால் அதை மிச்சச் சாமான் என்று குப்பையில் போடாமல், தனியாக இன்னொரு அங்கரில் கட்டச் சொல்லுங்கள்.

ஏற்கனவே பூட்டியிருக்கிற ஏசிக்கு என்ன செய்வது என்று இரண்டு பேர் இன்பொக்ஸில் கேட்டார்கள். கீழே நின்று ஸ்டாண்டைப் பாருங்கள். பிராக்கெட்டுக்கும் சுவருக்கும் நடுவில் மேல் பக்கம் இடைவெளி தெரிகிறதா, ஸ்குரூவின் கீழே துருக் கோடு ஓடுகிறதா, பூச்சு வட்டமாக வெடித்திருக்கிறதா, யூனிட் முந்தியைவிடச் சத்தமாக அதிர்கிறதா. ஒன்று இருந்தாலும் ஏசியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கீழே யாரும் நிற்காதபடி கயிறு கட்டுங்கள். ஆள் வந்தால் ஸ்பானர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கண்ணால் பார்த்தது காணாது.

பள்ளிவாசல் மத்ரஸாவில் பிள்ளைகள் ஓதுகிற மேல் மாடியில் ஆறு ஃபேன் இருக்கிறது. யார், எப்போது, எதில் பூட்டியது என்று இப்போது நிர்வாகத்தில் இருக்கிற யாருக்கும் தெரியவில்லை. கேட்டவுடனே அனுமதி தந்தார்கள், ஜஸாகல்லாஹு ஹைர். வருகிற ஞாயிறு அஸருக்குப் பிறகு மாமா போய் ஒவ்வொன்றையும் கழற்றிப் பார்க்கப் போகிறார். வயசு அறுபத்தெட்டு, அவரை ஏணியில் ஏற விட முடியாது. ஏறக்கூடிய வாலிபர்கள் இரண்டு பேர் வேண்டும். பத்தடி உயரமான நல்ல ஏ வடிவ ஏணி யாரிடமாவது இருந்தால் கீழே கொமென்ட்டில் சொல்லுங்கள். மெஷின், பிட், பம்ப் எங்களிடம் இருக்கிறது.